கத்தரிக்காய் மீது ஒரு வழக்கு

காரைக்கால் பக்கத்தில் ஒரு குழந்தைக்குக் கரப்பான் வந்துவிட்டால் முதலில் மாறுவது வீட்டுச் சமையல். கத்தரிக்காய் நிற்கும். கருவாடு நிற்கும். அடுத்து இறால், நண்டு, முட்டை, வேர்க்கடலை, சோளம். பாட்டிக்குப் பாட்டி பட்டியலில் இரண்டு கூடும், ஒன்று குறையும். பால் குடிக்கிற குழந்தையானால் பத்தியம் தாய்க்கு. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்களில், படகிலிருந்து இறங்கிய மீன் வீட்டில் எல்லோர் தட்டிலும் விழும், அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் ரசம் சோறு. சில மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தை இளைத்திருக்கும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் குழியிலும் சிவப்பு அப்படியே இருக்கும். உடனே பட்டியலில் இன்னொரு பெயர் சேரும்.

பட்டியலில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் ஒரு கணக்கு. பெங்களூரு, மைசூரு வட்டாரத்துப் பள்ளிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு சீனா, ரஷ்யா, இந்தியா ஆகிய நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 6 முதல் 11 வயது வரையிலான குழந்தைகள். 2020இல் முடிவு வெளியானது. உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்க குழந்தைகள் ஹாங்காங்கில் 1.5 சதவீதம், இந்தியப் பகுதியில் 0.14 சதவீதம். ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூடத் தேறவில்லை. கைக்குழந்தைகளிடம், அதிலும் கடுமையான கரப்பான் உள்ளவர்களிடம், இந்த எண் கூடுதலாகவே இருக்கும். பால், முட்டை ஒவ்வாமைகள் பள்ளி வயதுக்குள் பலருக்கு மறைந்தும் போகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், பத்தியம் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் உண்மையில் பத்தியம் வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

அப்படியானால் சொறிய வைப்பது எது?

மருத்துவம் 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்று அழைக்கும் இந்தக் கரப்பான் பெரும்பாலும் தோலிலேயே தொடங்குகிறது. தஞ்சைத் தரணி விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. வரப்பில் நண்டு வளை போட்டுவிட்டால் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் வயலில் நிற்காது. பக்கத்து வயலின் தண்ணீரும் அதே வளை வழியாக உள்ளே வரும். கரப்பான் உள்ள குழந்தையின் தோல் அப்படிப்பட்ட வரப்பு. உடம்பின் ஈரம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். தூசி, கிருமி, பூச்சிக்கழிவு, சோப்பு எல்லாம் உள்ளே போகும்.

வளை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2006இல் ஒரு நல்ல விடை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவைப் படித்தது. தோலின் மேல் அடுக்கை இறுக்கிக் கட்டுவதும், பிறகு தானே சிதைந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாக மாறுவதும் இந்தப் புரதத்தின் வேலை. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதாக இருக்கிறது. அவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு பலமடங்கு அதிகம். ஆசிய மக்களிடம் காணப்படும் பழுதுகள் வேறு. பழுது இல்லாமலும் கரப்பான் வருவதுண்டு. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு மருத்துவர்கள் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதோடு சேர்த்துப் படிக்கவேண்டிய இன்னொரு கதை உண்டு. 2003இல் லண்டனைச் சேர்ந்த கிடியன் லாக் குழு, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிரிட்டிஷ் குழந்தைகளின் பின்னணியைத் தோண்டியது. கர்ப்பத்தில் தாய் வேர்க்கடலை தின்றதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது சிவந்த தோலில் கடலெண்ணெய் கலந்த களிம்பு பூசியதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரிந்தது. லாக் முன்வைத்த கருத்து இது: வாய் வழியாக முதலில் வரும் உணவை உடம்பு பழகிக்கொள்ளும், உடைந்த தோல் வழியாக முதலில் வரும் அதே உணவை எதிரி என்று குறித்துவைக்கும்.

அவர் இதைச் சோதித்த முறை துணிச்சலானது; முடிவு 2015இல் வெளியானது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ இருந்த 640 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டார். அதுவரை மருத்துவர்கள் வேர்க்கடலை பக்கமே போகக்கூடாது என்று எச்சரித்து வந்த குழந்தைகள் அவர்கள். பாதிப் பேருக்கு வேர்க்கடலையை வாரந்தோறும் ஊட்டச் செய்தார், பாதிப் பேருக்கு அறவே விலக்கச் சொன்னார். ஐந்து வயதில் பார்த்தபோது, தொடக்கப் பரிசோதனையில் வேர்க்கடலைக்கு எதிர்வினை காட்டாதவர்களில், விலக்கியவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, தின்றவர்களில் 1.9 சதவீதம்.

பெரியவர்களிடமும் இது நடக்கும் என்பதை ஜப்பான் எதிர்பாராமல் காட்டியது. கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பு அங்கே அமோகமாக விற்றது. அதை நாள்தோறும் தேய்த்துக் குளித்தவர்கள் சிலர், வாழ்நாளெல்லாம் தின்ற ரொட்டியையும் நூடுல்ஸையும் திடீரென்று தின்ன முடியாமல் தவித்தார்கள். கண் இமை வீங்கியது, சிலருக்கு மூச்சே திணறியது. 2011இல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிப்பு உறுதியானவர்கள் 2,000க்கும் மேல்.

நம் வீட்டு நலங்கு மாவை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பாசிப்பயறு, கடலை மாவு, சில வீடுகளில் பாதாம்: எல்லாம் புரதம். நல்ல தோலுக்கு அது கெடுதல் செய்யும் என்று நான் சொல்லவரவில்லை. சிவந்து வெடித்த தோலில் தேய்க்காதீர்கள். மாவின் சொரசொரப்பு ஒரு காரணம், புரதம் இன்னொரு காரணம். செக்கெண்ணெய் மோகத்துக்கும் இதே எச்சரிக்கை. சுத்திகரிக்காத கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அந்தந்த விதையின் புரதம் சிறிதளவு மிஞ்சியிருக்கும். திருநள்ளாற்றில் நளதீர்த்தத்துக்கு வருபவர்கள் நல்லெண்ணெய் தேய்த்து மூழ்குவது வழக்கம். குழந்தைக்குத் தோல் உடைந்திருக்கும் காலத்தில் அந்த எண்ணெய் முழுக்கைத் தள்ளிவைத்தால் சனீஸ்வரன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேங்காய் எண்ணெய்க்குக் கொஞ்சம் நல்ல சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்திய ஆய்வில், காய்ச்சாத தேங்காய் எண்ணெய் பூசியவர்களின் கரப்பான் அளவு 68 சதவீதம் குறைந்தது. பாரஃபின் வகை எண்ணெய் பூசியவர்களுக்கு 38 சதவீதம். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனமாக்குவதாக இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் ஆலிவ் எண்ணெய் பாட்டில் சமையலறையிலேயே இருக்கட்டும்.

எண்ணெய் எதுவானாலும் பூசும் கை முக்கியம். பிரிட்டிஷ் கைக்குழந்தைகள் பலரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஈரம் காக்கும் களிம்பு அடிக்கடி பூசப்பட்டவர்களிடம் உணவு ஒவ்வாமை அதிகமாக இருந்தது. பெற்றோரின் கையில் ஒட்டிய உணவுத் துணுக்குகளைக் களிம்பு தோலுக்குள் ஏற்றிவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். இறால் உரித்த கை, முட்டை உடைத்த கை, மீன் ஆய்ந்த கை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள். களிம்பு டப்பாவில் விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள்.

களிம்பு நோயைத் தணிக்கும், வராமல் தடுக்காது. பிரிட்டனில் 1,394 சிசுக்களிடம் நடந்த 'பீப்' ஆய்வு 2020இல் இதைத் தெளிவாக்கியது. பிறந்த முதல் ஆண்டு முழுவதும் தினமும் பூசியும் கரப்பான் குறையவில்லை, தோல் தொற்று சற்றுக் கூடியது. ஆகவே நோய் இல்லாத குழந்தைக்கு விலையுயர்ந்த லோஷன் வாங்கத் தேவையில்லை. நோய் உள்ள குழந்தைக்கோ, அதுதான் மருந்தின் பாதி.

காரைக்காலின் சிக்கல் என்னவென்றால், புத்தகத்தில் உள்ள அறிவுரைகள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. கெட்டியாக வாசலின் அப்பி, மேலே துணி சுற்றச் சொல்வார்கள். சித்திரை வெயிலில், கடல் ஈரம் சுமந்த காற்றில், மின்சாரம் போன மத்தியானத்தில் அப்படிச் செய்தால் குழந்தைக்கு வேர்க்குரு வெடிக்கும். வியர்வையே கரப்பானைக் கிளறும். வியர்வையில் கலந்திருக்கும் ஒரு புரதத்தை ஹிரோஷிமா ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டார்கள். நம் எல்லோர் தோலிலும் வாழும் மலாசீஸியா என்ற பூஞ்சை சுரப்பது அது. ஓடியாடி வந்த குழந்தையை உடனே வெற்றுத் தண்ணீரில் கழுவித் துடைப்பது மருந்துக்குச் சமம். கோடையில் நீர்த்த லோஷன் போதும். மழை முடிந்து மார்கழிப் பனி தொடங்கும்போது கெட்டிக் களிம்புக்கு மாறலாம்.

தண்ணீரும் கவனிக்கத்தக்கது. கடலோரத்தில் போர் போட்டால் பல இடங்களில் உவர்நீர்தான் வரும். உப்பும் சுண்ணமும் கலந்த நீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படிவாகத் தோலில் ஒட்டும். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்ப்பார்கள். சாதாரண சோப்பின் கார அளவு 9, 10. தோலோ 5ஐ ஒட்டிய புளிப்பில் இருக்க விரும்புவது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல், அக்குளும் இடுப்பும் தவிர மற்ற இடங்களுக்குச் சோப்பு வேண்டாம், துண்டால் ஒற்றிய ஈரத்தோடு களிம்பு. அவ்வளவுதான். வேப்பிலை போட்ட வெந்நீரைப் பாட்டி கைவிட மாட்டார் என்றால், வெந்நீரை ஆறவைக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

தூசிக்கு வருவோம். 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட் என்பவரின் குழு, வீட்டுத்தூசி ஒவ்வாமைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உண்ணி என்று காட்டியது. நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று வாழும் எட்டுக்கால் பூச்சி. அதன் கழிவில் உள்ள நொதி, தோல் செல்களைச் சேர்த்து வைக்கும் பசையையே அறுக்கும். ஈரம் அதிகமுள்ள வெப்ப நாடுகளில் 'பிளோமியா ட்ராபிகாலிஸ்' என்ற இன்னொரு வகையும் சேர்ந்துகொள்கிறது. அரசலாறு கடலில் கலக்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சம் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் உண்ணிக்குச் சொர்க்கம். கோரைப்பாயில் ஒளிய இடம் குறைவு. போர்வையையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கைபொறுக்காத சூட்டில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துணிப்பொம்மைகளைக் குறையுங்கள். உண்ணியை ஒழிக்க முடியாது, கூட்டத்தைக் குறைக்க முடியும்.

இனிக் களிம்புக் கடை. மருந்துக்கடையில் "அலர்ஜிக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்டால், பல நேரம் கைக்கு வருவது மூன்று மருந்துகள் கலந்த குழாய்: ஒரு வலுவான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு கிருமிக்கொல்லி. இரண்டு நாளில் சிவப்பு மறையும், நிறுத்தினால் இரட்டிப்பாய்த் திரும்பும். குழந்தையின் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியத் தொடங்கும். தோல் மருத்துவர் சங்கங்களின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை.

இதைக் கேட்டு ஸ்டீராய்டு என்றாலே ஓடுகிறவர்களும் உண்டு. அது அதே அளவு தவறு. மருத்துவர் தேர்ந்த மென்மையான ஸ்டீராய்டு, சரியான அளவில், சில நாள்: சிவந்து எரியும் தோலை அணைக்க அதற்கு நிகர் குறைவு. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவர் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். பயந்துகொண்டு பட்டாணி அளவு தடவுவதால் நோய் இழுத்துக்கொண்டே போகிறது.

எல்லாச் சொறியும் கரப்பான் இல்லை. டெல்டாவில் இது அடிக்கடி ஏமாற்றும். இரவில் வீட்டில் எல்லோரும் சொறிந்தால், விரல் இடுக்கில் சிறு கொப்புளம் இருந்தால், அது சிரங்குப்பூச்சி. வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். குழந்தைக்கு மட்டும் பூசுவது வீண். காலில் மட்டும் கூட்டமாகத் தடித்துச் சிவந்து, நடுவில் புள்ளியோடு இருந்தால் பெரும்பாலும் கொசுக்கடியின் எதிர்வினை. இதற்கு வலை வாங்குங்கள், பத்தியம் வேண்டாம். அறுவடைக் காலத்தில் கழுத்திலோ கண்ணோரத்திலோ கோடு இழுத்தாற்போல் எரிச்சலான கொப்புளம் வந்தால், வயலிலிருந்து விளக்கொளிக்கு வந்த பெடரஸ் வண்டை நசுக்கியிருப்பார்கள். கறுப்பும் செம்மஞ்சளுமாய் எறும்பு போன்ற சிறு வண்டு. கடிக்காது, கொட்டாது, நசுங்கினால் அதன் உடல் சாறு தோலைச் சுடும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

சொறிந்த புண் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் அது கிருமி ஏறிய அடையாளம், மருத்துவரிடம் போகவேண்டியது. ஆறிய பிறகும் சில வாரம் கவனம் வேண்டும். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது சிறுநீரகத்தின் அழைப்பு. காய்ச்சலோடு, குத்தி எடுத்தாற்போன்ற ஒரே அளவுக் கொப்புளங்கள் கரப்பான் மேல் பரவினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம்.

இப்போது பாட்டியின் பட்டியல். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் கத்தரிக்காயைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். தின்றதும் அரிக்கிறது என்று சொன்னவர்களில் உண்மையான ஒவ்வாமை உள்ளவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு, கத்தரிக்காயில் இயல்பாகவே உள்ள ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் காரணமாக இருக்கக்கூடும். ஒவ்வாமையின்போது நம் உடம்பே கொட்டுகிற ரசாயனம் ஹிஸ்டமின். அதை வெளியிலிருந்து தின்றாலும் அரிக்கலாம். ஏற்கெனவே சிவந்திருக்கும் தோலில் அந்த அரிப்பு இரண்டு பங்காகத் தெரியும். பாட்டி பார்த்தது உண்மை. பாட்டி முடிவு செய்ததுதான் பெரிதாகிவிட்டது.

கருவாட்டுக்கும் அதே நியாயம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய. செத்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வறுத்தாலும் கொதித்தாலும் போகாது. தின்ற சில நிமிடத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, வாய் எரியும். ஒவ்வாமை என்றே தோன்றும். உண்மையில் கெட்ட மீனின் நஞ்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத காலத்தில், தூரத்து ஊர்களிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனை வாங்குவோர் இதை நினைவில் வைக்கலாம். குழந்தைக்கு அன்று தடித்தது என்றால், அதே மீனைத் தின்ற மற்றவர்களுக்கும் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் வழக்கு மீன்காரரிடம் போகிறது. நல்ல மீனில் செய்த அடுத்த குழம்பைக் குழந்தைக்கு மறுக்கவேண்டியதில்லை.

மீன் பற்றிச் சுவீடனிலிருந்து ஒரு செய்தி. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்ததில், ஒன்பது மாதத்துக்குள் மீன் ஊட்டப்பட்டவர்களிடம் ஒரு வயதில் கரப்பான் குறைவாக இருந்தது. மீன்தான் தடுத்தது என்று ஆணையிட இது போதாது. மீன் கொடுத்தால் கரப்பான் வரும் என்ற பேச்சை நிறுத்த இது போதும்.

ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு இருபது உணவை நிறுத்தியவர்களையும் பார்க்கிறோம். ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதும், தின்றால் ஒவ்வாமை வருவதும் வேறு வேறு. கரப்பான் குழந்தைகளுக்குப் பல உணவுக்கு 'பாசிட்டிவ்' வரும். அதில் பலவற்றை அவர்கள் நன்றாகவே தின்றுகொண்டிருப்பார்கள். தின்னும் உணவை அந்தத் தாளைப் பார்த்து நிறுத்தினால், உடம்பு பழகியதை மறக்க வாய்ப்புக் கொடுக்கிறோம். ஐஜிஜி என்ற பெயரில் பெருந்தொகைக்கு விற்கும் பட்டியல் சோதனைக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை. பயனுள்ளது நினைவுதான்: என்ன தின்றது, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, அடுத்த முறையும் அப்படியே ஆனதா?

முதலில் தோலை ஆற்றுங்கள். பிறகு, முன்பு எந்தத் தெளிவான எதிர்வினையும் காட்டாத உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், காலை வேளையில், ஒரு வாய், மறுநாள் இரண்டு வாய். வேர்க்கடலையை அரைத்துக் கஞ்சியில் கலக்கவேண்டும். முழுக்கடலை சின்னக் குழந்தைக்கு மூச்சுக்குழாயில் சிக்கும். கரப்பான் கடுமையாக இருந்தாலோ, ஒரு உணவைத் தின்று சில நிமிடத்தில் முன்பு தடித்திருந்தாலோ, இதை வீட்டில் செய்யாமல் மருத்துவர் முன்னிலையில் செய்யவேண்டும்.

முன்பு அப்படித் தடித்த சிலருக்கு ஒவ்வாமை உண்மையானது, ஆபத்தானதும்கூட. அதன் உச்ச வடிவத்துக்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயரிட்டவர்கள் போர்ட்டியே, ரிஷே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். 1902இல், காரைக்காலில் பிரெஞ்சுக்கொடி பறந்த காலத்தில், கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல்முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவிலேயே செத்தது. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தையிடம் அது இப்படித் தெரியும்: தின்ற சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், குரல் கம்மல், இளைப்பு, வாந்தி, துவண்டு விழுதல். அப்போது சிரப்பைத் தேடி நேரம் போக்காதீர்கள். தேவை அட்ரினலின் ஊசி, எடைக்குத் தகுந்த அளவில், தொடையின் வெளிப்பக்கத் தசையில். 108ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், என்ன தின்றது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வழியில் குழந்தையைப் படுக்கவையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டாம். ஊசி போட்டதும் பெரும்பாலும் சீக்கிரம் தெளியும். ஆனாலும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், ஏனென்றால் சிலருக்கு இரண்டாவது முறையும் வரும்.